கேண்டர்பரி கதைகள்: படிக்கப் போகிறவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகள்

பி.ஏ. ஆங்கில இலக்கியம் படித்தவர்களுக்கு இந்தப் பெயர் பழக்கம். ஆனால் பலரும் முன்னுரையைப் பரீட்சைக்காகப் படித்ததோடு நிறுத்தியிருப்பார்கள். கதைகள் பக்கம் போயிருக்க மாட்டார்கள். அவர்களுக்கும், புதிதாகப் படிக்க நினைப்பவர்களுக்கும் இந்தப் பக்கம்.

இது என்ன மாதிரியான நூல்?

14ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஜெஃப்ரி சாசர் எழுதியது. லண்டனுக்குத் தெற்கே, தேம்ஸ் நதியின் மறுகரையில் இருந்த சதர்க் என்ற பகுதியில் டபார்ட் என்றொரு சத்திரம். ஏப்ரல் மாதத்தில் ஒரு நாள் இரவு, கேண்டர்பரிக்கு யாத்திரை போகிற கூட்டம் அங்கே தங்குகிறது. யாருக்கும் யாரையும் முன்பின் பெரிதாகத் தெரியாது. சாப்பாடு முடிந்து கணக்குத் தீர்த்ததும் சத்திரக்காரர் ஹாரி பெய்லி ஒரு யோசனை சொல்கிறார். வழியில் வாயை மூடிக்கொண்டு போனால் என்ன சுகம்? ஆளுக்கு இரண்டு கதை போகும்போது, இரண்டு கதை வரும்போது. சிறந்த கதைக்கு இதே சத்திரத்தில் மற்றவர்கள் செலவில் ஒரு விருந்து. நடுவர் அவரேதான். அவர் தீர்ப்பை எதிர்ப்பவர் வழிச்செலவு மொத்தத்தையும் ஏற்க வேண்டும்.

யார் ஜெயித்தாலும் விருந்து நடப்பது அவர் சத்திரத்தில். சத்திரக்காரர் கெட்டிக்காரர்.

சாசருக்கு எழுத்துதான் தொழிலா?

இல்லை. அவர் அரசு ஊழியர். லண்டனில் ஒயின் வியாபாரம் செய்த குடும்பம். 1340களின் தொடக்கத்தில் பிறந்தார். சிறு வயதிலேயே பிரபுக்கள் வீட்டில் ஏவலாளாகச் சேர்ந்தார். பிரான்ஸ் போரில் பிடிபட்டபோது அவரை மீட்க 1360இல் அரசர் மூன்றாம் எட்வர்டு 16 பவுண்டு கொடுத்தார். 1374 முதல் 12 வருடம் லண்டன் துறைமுகத்தில் கம்பளி ஏற்றுமதிச் சுங்கத்தின் கணக்கு மேலாளர். கம்பளிதான் அன்றைய இங்கிலாந்தின் பெரிய வருமானம், ஆகவே இது லேசான பதவி இல்லை. அதே 1374இல் தினம் ஒரு காலன் ஒயின் தரும்படி அரசர் உத்தரவு போட்டார். பிறகு கென்ட் மாவட்டத்துக்கு நாடாளுமன்ற உறுப்பினர், அப்புறம் அரசருடைய கட்டடப் பணிகளுக்கு மேற்பார்வையாளர். அந்த வேலையில் இருந்தபோது 1390இல் வழிப்பறிக்காரர்களிடம் பணத்தைப் பறிகொடுத்தார்.

இதையெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்றால், நூலில் வருகிற ஆட்களை அவர் வேலை நிமித்தமாகவே பார்த்துப் பழகியவர். கப்பல்காரன், வியாபாரி, வக்கீல், கணக்கில் கைவைக்கும் மணியக்காரன் என்று எல்லோரும் அவர் மேஜை முன்னால் வந்து நின்றிருப்பார்கள்.

கேண்டர்பரியில் என்ன இருந்தது?

தாமஸ் பெக்கெட்டின் சமாதி. அவர் கேண்டர்பரிப் பேராயர். அரசர் இரண்டாம் ஹென்றியோடு திருச்சபை உரிமை பற்றி நெடுநாள் தகராறு. 1170 டிசம்பர் 29 அன்று நான்கு போர்வீரர்கள் பேராலயத்துக்குள்ளேயே அவரை வெட்டிக் கொன்றார்கள். மூன்றே வருடத்தில் ரோம் அவரைப் புனிதராக அறிவித்தது. 1220இல் பொன்னும் மணியும் பதித்த பெரிய சமாதி எழுந்தது. பெக்கெட்டின் ரத்தம் கலந்தது என்று நம்பப்பட்ட தண்ணீரைச் சின்ன ஈயக் குப்பிகளில் வாங்கிப் போவார்கள். போய்வந்ததற்கு அடையாளமாக உலோக வில்லைகளைத் தொப்பியில் குத்திக்கொள்வார்கள். 1538இல் எட்டாம் ஹென்றி அந்தச் சமாதியை இடித்துத் தள்ளினார். இன்று அந்த இடத்தில் ஒரு மெழுகுவர்த்தி எரிகிறது.

லண்டனிலிருந்து ஏறத்தாழ 90 கிலோமீட்டர். குதிரையில் சாவகாசமாகப் போனால் மூன்று நான்கு நாள்.

கணக்குப்படி நூற்றுக்கு மேல் கதை வரவேண்டும். கிடைப்பது 24 தானே?

ஆமாம். முன்னுரை 29 பேர் என்கிறது. ஆளுக்கு நான்கு கதை என்று பெருக்கினால் கிட்டத்தட்ட 120 கதை வரும். (29ஆ என்று எண்ணிப் பார்த்தால் ஒன்றிரண்டு பேர் கூடுதலாக வருவார்கள். அதைப் பற்றித் தனியாகவே ஒரு ஆராய்ச்சிக் கூட்டம் இருக்கிறது.) சாசர் 1387 வாக்கில் தொடங்கி 1400இல் இறந்துபோனார். இருக்கிற 24இலும் சில பாதியில் நிற்கின்றன. சமையற்காரர் கதை ஐம்பது அறுபது வரிகளில் நின்றுவிடுகிறது. கூட்டம் நூலுக்குள் கேண்டர்பரி போய்ச் சேரவே இல்லை. வழியில் ஒரு சிற்றூரின் எல்லை வரைக்கும் வந்து நிற்கிறது.

கதைகள் பத்துத் துண்டுகளாகக் கிடைக்கின்றன. துண்டுக்குள் வரிசை உறுதி. எந்தத் துண்டுக்குப் பின் எந்தத் துண்டு என்பதில் கையெழுத்துப் பிரதிகள் ஒன்றுக்கொன்று மாறுபடுகின்றன.

பிடித்த கதையை மட்டும் தனியாக எடுத்துப் படித்தால் போதாதா?

படிக்கலாம். ஆனால் பாதி ருசி போய்விடும். கதைக்கும் கதைக்கும் நடுவே வருகிற சண்டைப் பகுதிகளைப் பல சுருக்கப் பதிப்புகள் வெட்டிவிடுகின்றன. என்னைக் கேட்டால் வெட்டக்கூடாத பகுதி அதுதான்.

ஆரம்பத்தையே பாருங்கள். முதல் கதை போர்வீரப் பிரபுவினுடையது. ஏதென்ஸ் நகரம், இரண்டு இளவரசர்கள், சிறைச் சாளரம் வழியே பார்த்த ஒரே பெண்ணின் மேல் இருவருக்கும் காதல், கடைசியில் பெரிய போர்க்களம். எல்லாம் கம்பீரம். அடுத்து மடத்துத் துறவி சொல்லட்டும் என்று சத்திரக்காரர் மரியாதை வரிசைப்படி கூப்பிடுகிறார். அதற்குள் மாவாலைக்காரன் குறுக்கே விழுகிறான். குதிரைமேல் நேராக உட்காரக்கூட முடியாத அளவுக்குக் குடி. பிரபு கதைக்குச் சரிக்குச் சரி என்னிடம் ஒன்று இருக்கிறது, என்னைச் சொல்லவிடாவிட்டால் நான் என் வழியே போகிறேன் என்று அடம். அவன் சொல்வதும் ஒரு பெண்ணுக்காக இரண்டு ஆண்கள் போட்டி போடும் கதைதான். ஆனால் ஏதென்ஸ் இல்லை, ஆக்ஸ்ஃபர்டு. கிழட்டுத் தச்சன், இளம் மனைவி, வீட்டில் குடியிருக்கும் மாணவன். நோவா காலத்து வெள்ளம் திரும்ப வரப்போகிறது என்று தச்சனை நம்பவைத்து, உத்தரத்தில் கட்டிய தொட்டியில் அவனைத் தூங்கவைத்துவிட்டுக் கீழே மற்றது நடக்கிறது. பிரபு கதையின் உயர்ந்த காதலை அப்படியே கவிழ்த்துப் போட்டுவிடுகிறான்.

கூட்டமே சிரிக்கிறது, ஒருவரைத் தவிர. மணியக்காரர் ஆஸ்வால்டு. அவர் இளமையில் தச்சு வேலை பார்த்தவர். தன்னைத்தான் குத்துகிறான் என்று எடுத்துக்கொண்டு, கேம்பிரிட்ஜ் பக்கத்தில் மாவு திருடும் ஒரு ஆலைக்காரனையும் அவன் வீட்டுப் பெண்களையும் இரண்டு மாணவர்கள் எப்படிக் கையாண்டார்கள் என்று பதிலுக்கு ஒரு கதை சொல்கிறார். மாவாலைக்காரன் கதையில் குறும்பு. மணியக்காரர் கதையில் விஷம். ஒரே மாதிரிக் கதைதான், சொல்பவர் மனசு மாறினால் கதையின் நெடியே மாறிவிடுகிறது.

யாசகத் துறவிக்கும் திருச்சபைக் கோர்ட்டு அமீனாவுக்கும் இதைவிட மோசமான தகராறு. துறவி, ஒரு அமீனாவைப் பிசாசு நரகத்துக்கு இழுத்துப்போன கதையைச் சொல்கிறார். அமீனா கோபத்தில் நடுங்கிக்கொண்டே எழுந்து, நோயாளியிடம் நன்கொடை கேட்டு நச்சரித்த ஒரு துறவிக்கு என்ன கிடைத்தது என்று சொல்கிறார். கிடைத்தது ஒரு குசு. அதை மடத்தில் எல்லோருக்கும் சமமாகப் பங்கிட வேண்டும் என்பது நிபந்தனை. வண்டிச் சக்கரத்தின் பன்னிரண்டு ஆரக்கால்களை வைத்து அதற்கு விடை கண்டுபிடிக்கிறார்கள், கணித நிரூபணம்போல.

சாசரும் யாத்திரையில் ஒரு ஆள். அவர் முறை வந்ததும் ஒரு அசட்டுச் சாகசப் பாட்டை ஆரம்பிக்கிறார். சத்திரக்காரருக்குப் பொறுக்கவில்லை. நிறுத்துங்கள் சாமி, காது வலிக்கிறது என்கிற தோரணையில் நடுவிலேயே வெட்டிவிடுகிறார். மொத்த நூலையும் எழுதியவரின் கவிதைதான் அங்கே மட்டமான கவிதை.

முன்னுரையில் ஆள் வருணனை மட்டும்தானே? கதையே இல்லையே?

858 வரி. வேகமாகப் படித்தால் பட்டியல்போலத்தான் இருக்கும். மெதுவாகப் படியுங்கள். சாசர் யாரையும் திட்ட மாட்டார். எல்லோரையும் பாராட்டிக்கொண்டே போவார், பாராட்டில்தான் ஊசி இருக்கும்.

கன்னிமடத் தலைவியைப் பாருங்கள். சாப்பிடும்போது ஒரு துணுக்கு கீழே விழாது. குடித்த கோப்பையில் எண்ணெய்ப் பிசுக்கு தெரியாதபடி மேலுதட்டைத் துடைத்துக்கொள்வார். பொறியில் எலி மாட்டினால் அழுதுவிடுவார். வளர்க்கிற நாய்களுக்கு வறுத்த இறைச்சி, பால், உயர்ந்த வெள்ளை ரொட்டி. அன்றைய ஏழைக் குடும்பம் கண்ணால் காணாத ரொட்டி அது. ஜெபமாலையில் தொங்கும் பொன் ஊக்கில் 'அன்பு அனைத்தையும் வெல்லும்' என்று லத்தீனில் எழுத்து. எந்த அன்பு என்று சாசர் சொல்வதில்லை.

சமையற்காரருக்கு ஒன்பதே வரி கொடுத்து, முழங்காலுக்குக் கீழே சீழ்ப்புண் இருந்தது பாவம் என்கிறார். அடுத்த வரி: கோழியும் அரிசியும் பாலும் சேர்த்துச் செய்யும் வெள்ளைக் கூழில் அவரை மிஞ்ச ஆளில்லை. இரண்டு வரிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்.

ஏழைப் பங்குச் சாமியாரையும் அவர் தம்பியான உழவரையும் மட்டும் கேலி இல்லாமல் எழுதியிருக்கிறார்.

பாத் ஊர்ப் பெண்மணியைப் பெண்ணியவாதி என்று சொல்லலாமா?

ஆசிரியர்கள் இதைப் பரீட்சைக்குக் கேட்பார்கள், இரண்டு பக்கமும் எழுதலாம். அலிசன் என்பது அவர் பெயர். துணி நெய்பவர், வசதியானவர், காது கொஞ்சம் மந்தம், பல்லிடுக்கு, சிவப்புக் காலுறை. ஐந்து கல்யாணம். எருசலேமுக்கே மூன்று தடவை போய்வந்தவர். முதல் மூன்று கணவர்களும் பணக்காரக் கிழவர்கள். அவர்களைக் குற்றம் சாட்டிச் சாட்டியே அடக்கிய விதத்தை அவரே விலாவாரியாகச் சொல்கிறார்.

காது போன கதைதான் முக்கியம். ஐந்தாம் கணவன் ஜாங்கின் இருபது வயது, இவருக்கு நாற்பது. அவனிடம் ஒரு புத்தகம். உலகத்தில் கெட்ட மனைவிகள் செய்ததையெல்லாம் திரட்டி எழுதியது. தினம் ராத்திரி கணப்பு முன் உட்கார்ந்து அதைச் சத்தமாகப் படித்துச் சிரிப்பான். ஒரு நாள் பொறுக்காமல் இவர் பக்கங்களைக் கிழித்து, கன்னத்தில் ஒரு குத்துவிட, அவன் கணப்பில் போய் விழுகிறான். எழுந்து வந்து அவன் இவர் தலையில் அடித்த அடியில் இவர் காது போயிற்று. சமாதானத்தின் நிபந்தனையாக வீடும் நிலமும் இவர் கைக்கு வந்தன. அந்தப் புத்தகத்தை அவனைக்கொண்டே எரிக்க வைத்தார்.

சிங்கத்தை மனிதன் கொல்வதுபோல் படம் வரைந்தது யார், சிங்கமா என்று கேட்கிறார். பெண்கள் எழுதியிருந்தால் ஆண்களின் கெடுதல் பற்றி எத்தனை புத்தகம் வந்திருக்கும் என்பது அவர் வாதம். இந்த வாதத்தைப் பெண் வாயில் வைத்து எழுதியவரும் ஒரு ஆண் என்பது சாசருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்?

இவர் பேச்சுக்குப் பதில்கள் வரிசையாக வருகின்றன. ஆக்ஸ்ஃபர்டு மாணவர், கணவன் பிள்ளைகளைப் பிடுங்கிக்கொண்டு போனபோதும் வாய் திறக்காத கிரிசெல்டாவின் கதையைச் சொல்கிறார். சொல்லி முடித்ததும், கிரிசெல்டா செத்துப்போனாள், இனிமேல் அப்படி ஒருத்தியைத் தேடாதீர்கள் என்கிறார். கல்யாணமாகி இரண்டே மாதமான வியாபாரி பெருமூச்சோடு, குருட்டுக் கிழவனை இளம் மனைவி பேரிக்காய் மரத்தின்மேல் ஏமாற்றிய கதையை எடுக்கிறார். நிலக்கிழார், இருவரும் விட்டுக்கொடுத்தால் என்ன என்று நடுவழி பேசுகிறார்.

பாவமன்னிப்புச் சீட்டு விற்பவர் சொல்லும் கதை இந்தியாவிலிருந்து போனது என்பது உண்மையா?

கதையின் பழைய வடிவம் பாலி மொழியிலுள்ள ஜாதகக் கதைகளில் இருக்கிறது, வேதப்ப ஜாதகம். மந்திரத்தால் மாணிக்க மழை பெய்விக்கும் ஒரு பிராமணர், அந்தச் செல்வத்துக்காக ஒருவரை ஒருவர் வெட்டிக்கொள்ளும் திருடர்கள். கடைசியில் மிஞ்சுவது இரண்டு பேர். ஒருவன் சோற்றில் விஷம் கலந்து கொண்டுவருகிறான். மற்றவன் அவனை வாளால் வெட்டிவிட்டு அந்தச் சோற்றைச் சாப்பிட்டுச் சாகிறான். பாரசீகம், அரபு என்று கைமாறி ஐரோப்பாவுக்கும் பல வடிவங்களில் போய்ச் சேர்ந்தது. சாசருக்கு இந்திய மூலம் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

அவர் கையில் அது கொள்ளைநோய்க் காலத்துக் கதையாகிறது. மூன்று குடிகார இளைஞர்கள், நண்பனைக் கொன்ற மரணம் என்பவனைத் தேடிப்பிடித்துக் கொல்லப் புறப்படுகிறார்கள். வழியில் ஒரு கிழவர். சாவு தன்னையும் ஏற்க மறுப்பதாகச் சொல்லி, தாயே என்னை உள்ளே விடு என்று கைத்தடியால் பூமியைத் தட்டிக்கொண்டு திரிபவர். அந்த மரத்தடியில் மரணம் இருக்கிறான், போங்கள் என்கிறார். போய்ப் பார்த்தால் பொற்காசுக் குவியல். மிச்சம் தெரிந்ததே, சோற்றுக்குப் பதில் ஒயின்.

சொல்கிற ஆளைக் கவனியுங்கள். தலையணை உறையை மாதாவின் முக்காடு என்றும், பன்றி எலும்பைப் புனிதரின் திருப்பண்டம் என்றும் காட்டிக் காசு பறிக்கிறவர். இந்தத் தந்திரத்தை எல்லாம் அவரே முதலில் பெருமையாகச் சொல்லிவிடுகிறார். பிறகு பேராசை கெடுதல் என்று அருமையான பிரசங்கக் கதை சொல்லிவிட்டு, அதே மூச்சில் திருப்பண்டத்தை நீட்டி, சத்திரக்காரரே, நீங்கள்தான் அதிகப் பாவம் செய்தவர், முதலில் வந்து முத்தமிடுங்கள் என்கிறார். சத்திரக்காரர் சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது. வாய்ப்பேச்சில் பிழைப்பவர் வாயடைத்துப் போகிறார். பிரபு இருவரையும் சமாதானப்படுத்தி முத்தமிட வைத்த பிறகுதான் குதிரைகள் நகர்கின்றன.

இத்தாலிய எழுத்தாளர் பொக்காச்சியோவைக் காப்பியடித்தார் என்கிறார்களே?

அன்றைக்குக் கதையை எடுத்துக்கொள்வது திருட்டு இல்லை. சாசர் அரசு வேலையாக 1370களில் இரண்டு முறை இத்தாலி போனார். பிரபு கதை பொக்காச்சியோவின் காவியத்திலிருந்து வந்தது. கிரிசெல்டா கதை இத்தாலியக் கவிஞர் பெட்ரார்க்கின் லத்தீன் வழியாக வந்தது. பொக்காச்சியோவின் 'டெக்கமரான்' நூலிலும் கூட்டமாகக் கதை சொல்கிறார்கள். ஆனால் அங்கே பத்துப் பேரும் ஒரே வர்க்கத்து இளம் ஆண்களும் பெண்களும். பிரபுவுக்குப் பின்னால் குடித்துவிட்டு ஒருவன் குறுக்கே பேசுவது அங்கே நடக்காது.

சில கதைகள் ஆபாசமாக இருக்கின்றன. அந்தக் காலத்தில் எப்படி விட்டார்கள்?

சாசரே முன்ஜாமீன் வாங்கிவிடுகிறார்: மாவாலைக்காரன் சொன்னதை நான் மாற்றாமல் எழுதுகிறேன், பிடிக்காதவர்கள் பக்கத்தைப் புரட்டி வேறு கதை படியுங்கள். நூலின் கடைசியில், பாவத்துக்குத் துணைபோன கதைகளுக்காக மன்னிப்புக் கேட்கும் ஒரு பகுதியும் இருக்கிறது. மனதார எழுதினாரா, வழக்கத்துக்கு எழுதினாரா என்று இன்னும் அடித்துக்கொள்கிறார்கள்.

கன்னிமடத் தலைவியின் கதையை எப்படிப் படிப்பது?

சங்கடத்தோடு. மாதா பாட்டுப் பாடிய சிறுவனை யூதர்கள் கொன்றார்கள் என்ற பழி அந்தக் கதை. இப்படிப்பட்ட பழிகளால் நிஜத்தில் உயிர்கள் போயின. இங்கிலாந்து 1290இலேயே யூதர்களைத் துரத்திவிட்டது, சாசர் காலத்து வாசகர்களில் பெரும்பாலோர் ஒரு யூதரைக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். எலிக்கு அழுகிற பெண்மணி இந்தக் கதையை உருகி உருகிச் சொல்வதில் சாசரின் கிண்டல் இருக்கிறது என்பது ஒரு வாதம். எனக்கு அது முழுசாக ஒட்டவில்லை. கதை முடிந்ததும் கூட்டம் சிரிப்பில்லாமல் அமைதியாகிறது, யாரும் மறுத்துப் பேசுவதில்லை.

சாசர் மீது பாலியல் குற்றச்சாட்டு இருந்ததா?

1380ஆம் ஆண்டு ஆவணம் ஒன்றில், சிசிலி சாம்பெய்ன் என்ற பெண் சாசரை ஒரு குற்றச்சாட்டிலிருந்து விடுவிக்கிறார். அதிலுள்ள லத்தீன் சட்டச் சொல்லுக்குப் பலாத்காரம், கடத்தல் இரண்டு பொருளும் உண்டு. நூறு வருடத்துக்கு மேல் இது விவாதமாக இருந்தது. 2022இல் புதிய நீதிமன்ற ஆவணங்கள் வெளியாயின. அவற்றின்படி, முந்தைய எஜமானரை விட்டு சிசிலி சாசரிடம் வேலைக்கு வந்த தகராறு அது; சாசரும் சிசிலியும் ஒரே பக்கம் நின்ற பிரதிவாதிகள்.

அந்தக் காலத்துக் கலவரங்கள் நூலில் வருகின்றனவா?

ஓரமாக. 1381 விவசாயிகள் எழுச்சியின்போது சாசர் குடியிருந்தது லண்டன் கோட்டைவாசல்களில் ஒன்றான ஆல்ட்கேட்டின் மேல்மாடியில். எழுச்சிக்காரர்களில் ஒரு கூட்டம் அந்த வாசல் வழியாகத்தான் நகருக்குள் வந்தது. அன்று லண்டனில் வாழ்ந்த ஃபிளாண்டர்ஸ்காரர்கள் (இன்றைய பெல்ஜியம் பக்கத்தவர்கள்) பலர் கொல்லப்பட்டார்கள். இதைப் பற்றி நூல் முழுவதிலும் நேரடியாக வருவது ஒரே இடம், அதுவும் கன்னிமடப் பாதிரியார் கதையில், சேவலைத் தூக்கிக்கொண்டு ஓடும் நரியை ஊரே துரத்தும்போது. எழுச்சித் தலைவர்களில் ஒருவனான ஜாக் ஸ்ட்ராவின் கும்பல் ஃபிளாண்டர்ஸ்காரர்களைக் கொன்றபோதுகூட இவ்வளவு கூச்சல் போடவில்லை என்று ஒரு வரி.

மூல மொழியில் படிக்க முடியுமா?

ஷேக்ஸ்பியருக்கு 200 வருடம் முந்தைய ஆங்கிலம். அரசவையில் பிரெஞ்சு செல்வாக்கோடு இருந்தபோது ஆங்கிலத்தில் எழுதியது. எழுத்தைப் பார்த்தால் மிரட்டும், காதால் கேட்டால் வழிக்கு வரும். சொல் இறுதி 'எ' பெரும்பாலும் ஒலிக்க வேண்டும். இன்று 'நைட்' (knight, போர்வீரப் பிரபு) என்பதை அன்று 'க்னிஹ்ட்' என்று எழுத்துக்கு எழுத்து உச்சரித்தார்கள். குறிப்புகளோடு கூடிய பதிப்பை வைத்துக்கொண்டு முதல் 18 வரியைச் சத்தமாகப் படியுங்கள்.

எந்தக் கதையில் தொடங்குவது நல்லது?

பிரபு கதை நீளம், அதில் தொடங்கிக் கைவிட்டவர்கள் அதிகம். முன்னுரைக்குப் பின் பாவமன்னிப்பு விற்பவர், அப்புறம் கன்னிமடப் பாதிரியார் சொல்லும் சேவல் கதை. பிறகு பாத் ஊர்ப் பெண்மணி. அவரிடம் கதையைவிட அதற்கு முந்தைய 800 சொச்சம் வரிப் பேச்சு முக்கியம், தாண்டிவிடாதீர்கள். மெலிபி என்ற உரைநடைக் கதையை நான் தூக்கம் வராமல் முடித்ததில்லை.

டபார்ட் சத்திரம் இன்னும் இருக்கிறதா? பழைய பிரதிகளைப் பார்க்க முடியுமா?

சத்திரம் 1676 சதர்க் தீவிபத்தில் போயிற்று. திரும்பக் கட்டியதையும் 1870களில் இடித்துவிட்டார்கள். சாசரின் கல்லறை வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் இருக்கிறது. கவிஞர் மூலை என்று இன்று சொல்லும் இடம் அவரைச் சுற்றித்தான் வளர்ந்தது.

எண்பதுக்கும் மேற்பட்ட கையெழுத்துப் பிரதிகள் பிழைத்திருக்கின்றன. முக்கியமானவை இரண்டு: வேல்ஸ் தேசிய நூலகத்திலுள்ள ஹெங்வர்ட், கலிஃபோர்னியாவில் ஹண்டிங்டன் நூலகத்திலுள்ள எல்ஸ்மியர். இரண்டையும் அந்த நூலகங்களின் இணையதளங்களில் இலவசமாகப் பார்க்கலாம். எல்ஸ்மியரில் கதை சொல்பவர்கள் குதிரைமேல் வருவதுபோல் ஓரத்தில் வண்ணப் படங்கள். ஹெங்வர்ட்டில் படமில்லை. ஆனால் சமையற்காரர் கதை அறுந்துபோகிற பக்கத்தைத் தேடிப் பாருங்கள். இந்தக் கதையைச் சாசர் இதற்குமேல் எழுதவில்லை என்று பிரதி எடுத்தவர் ஓரத்தில் குறித்து வைத்திருக்கிறார்.